பத்து வயது மகள், எப்போதும் ரைட் ஃபீல்டு: சாஃப்ட்பாலில் இவளுக்குப் பொருந்தும் இடம் எது?

4 மார்ச் 2024 (கேள்வி)

மகளுக்குப் பத்து வயது. நியூ ஜெர்சியில் எங்கள் ஊர் லீகில் சாஃப்ட்பால் (பேஸ்பால் மாதிரி ஆட்டம்) ஆடுகிறாள். போன சீசன் முழுக்க ரைட் ஃபீல்டில், அதாவது வலப்பக்க வெளி மைதானத்தில்தான் நிறுத்தினார்கள். அங்கே பந்தே வருவதில்லை. குனிந்து புல் பிடுங்கிக்கொண்டிருப்பாள். நன்றாக ஓடுகிறாள், ஆனால் "எறிகிற கையில் பலம் இல்லை" என்கிறார் கோச். நான் காலேஜ் வரை கிரிக்கெட் ஆடியவன், இந்த ஆட்டம் எனக்குப் பிடிபடவில்லை. இவளுக்கு எந்த இடம் பொருந்தும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கோச்சிடம் போய்ப் பேசலாமா?

5 மார்ச் 2024

நாங்களும் நியூ ஜெர்சிதான். என் மகளுக்குப் பன்னிரண்டு, இது நாலாவது வருடம். முதல் வருடம் அவளுக்கும் ரைட் ஃபீல்டுதான். தெருவில் ஆடும்போது அழுகிற தம்பியையும் சேர்த்துக்கொண்டு ஓரமாக நிறுத்துவோமே, ஒப்புக்குச் சப்பாணி, அந்த வேலையை என் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பொருமியிருக்கிறேன்.

பிறகு புரிந்தது, அது அப்படியொன்றும் சப்பாணி இடமில்லை. பத்து வயதில் பந்து போடும் பிட்சர் கொஞ்சம் வேகமாகப் போட்டாலே பேட் தாமதமாக வரும். வலது கை ஆட்டக்காரி தாமதமாகச் சுற்றினால் பந்து போவது வலது பக்கம்தான். இன்னொன்று, அடித்தவள் ஓடிச் சுற்றும் சதுரத்தின் மூலைகள்தான் பேஸ் (ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்டு, பிறகு அடித்த இடம்). சாஃப்ட்பாலில் பேஸுக்கும் பேஸுக்கும் 60 அடிதான், பேஸ்பாலில் 90. தூரம் குறைவு என்பதால் ரைட் ஃபீல்டுக்கு வேகமாக உருண்டு வரும் பந்தை எடுத்து, ஓடுகிறவள் சேருமுன் நேரே ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறிந்து ஆளை அவுட் ஆக்க முடியும். உள்ளே, பேஸ்களை ஒட்டி இருப்பவர்கள் ஃபர்ஸ்டுக்கு எறியும் ஒவ்வொரு முறையும் ரைட் ஃபீல்டர் அதற்குப் பின்னால் ஓடி நிற்க வேண்டும். புல் பிடுங்க நேரமே இருக்கக் கூடாத இடம் அது.

ஆகவே பொறுங்கள். கோச்சிடம் ஒன்றும் கேட்க வேண்டாம்.

7 மார்ச் 2024

"கேட்க வேண்டாம்" என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். நான் கேட்காமல் இருந்தது பொறுமையால் அல்ல, கூச்சத்தால். இங்கிலீஷில் சண்டை மாதிரி தொனித்துவிடுமோ என்ற பயம். ஒரு வருடம் வீணாகப் போனது.

இரண்டாம் வருடம் வேறு கோச். அவரிடம் போய் "ஏன் என் மகளை உள்ளே விடுவதில்லை" என்று கேட்காமல், "இவள் வீட்டில் எதைப் பழகினால் ஒரு இன்னிங்ஸ் உள்ளே நிறுத்துவீர்கள்?" என்று கேட்டேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை அவர். "பந்து வரும்போது முகத்தைத் திருப்புகிறாள். அது நிற்கட்டும்" என்றார்.

இதில் ஓரவஞ்சனை ஏதுமில்லை. உள்ளே நிற்பவர்களுக்குப் பந்து பக்கத்திலிருந்து வேகமாக வரும். முகத்தைத் திருப்புகிற பெண்ணை ஃபர்ஸ்ட் பேஸில் நிறுத்தினால் பந்து காதிலோ கன்னத்திலோ விழும். (முகத்துக்குக் கம்பிவலை போட்ட மாஸ்க் கிடைக்கிறது. உள்ளே நிற்கிற பெண்களுக்கு முதலில் அதை வாங்குங்கள். எங்கள் அணியில் கூச்சப்படாமல் எல்லோரும் போடுகிறார்கள்.) நாங்கள் கராஜ் கதவில் டென்னிஸ் பந்தை எறிந்து, கிளவ் இல்லாமல் இரண்டு கையாலும் பிடித்துப் பழகினோம். தினமும் பத்து நிமிடம். மூன்று வாரத்தில் முகம் நேரே நின்றது. கராஜ் கதவில் இன்றும் வட்ட வட்டமாக அழுக்கு.

கோச்சின் மகள்தான் ஷார்ட்ஸ்டாப்பா (செகண்டுக்கும் தேர்டுக்கும் நடுவில் நிற்பவள்) என்று கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், எங்கள் அணியிலும் அப்படித்தான். இதற்கு என்னிடம் மருந்து இல்லை. நீங்களே கோச் ஆகலாம், ஆள் எப்போதும் தேவைப்படுகிறது.

10 மார்ச் 2024

எந்த இடத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்டதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் கோச் இல்லை. திருநெல்வேலியில் பள்ளி எறிபந்து அணியில் ஆடியவள், அவ்வளவுதான் என் தகுதி.

தேர்டு பேஸில் நிற்பவளுக்குப் பயம் இருக்கக் கூடாது. பன்ட் (பேட்டைச் சுற்றாமல் பந்தை மெதுவாகத் தட்டிவிடுவது) வரும் என்று தோன்றினால் பேஸைவிட்டு முன்னேறி பேட்டுக்கு நெருக்கமாக நிற்க வேண்டும். யோசிக்க நேரம் கிடைக்காது, எடுத்ததும் வீச வேண்டும், அதுவும் கிட்டத்தட்ட 85 அடிக்கு. என் மாமனார் பழைய கிரிக்கெட் பைத்தியம். தேர்டு பேஸைப் பார்த்ததும் "இது சொல்கர் நிற்கிற இடம்" என்றார். ஃபார்வர்டு ஷார்ட் லெக்கில் நின்றே பெயர் வாங்கியவர் ஏக்நாத் சொல்கர், 27 டெஸ்டில் 53 கேட்ச். அப்படி ஒரு நெஞ்சு வேண்டும்.

ஷார்ட்ஸ்டாப்புக்கு எல்லாமே வேண்டும். கால், கை, கண், வாய். அதனால்தான் எல்லா அப்பாவும் அதைக் கேட்கிறார்கள்.

செகண்ட் பேஸ் பற்றித் தனியாக எழுத வேண்டும், அது எங்கள் கதை. ஃபர்ஸ்ட் பேஸில் பிடிக்கத் தெரிந்தால் போதும் என்பார்கள், அது பாதி உண்மை. மேலே, கீழே, பக்கவாட்டில் என்று தோழிகள் மனம்போன போக்கில் எறிவதையெல்லாம் ஒரு காலைப் பேஸில் வைத்தபடி பிடிக்க வேண்டும். பத்து வயது அணியில் அந்த இடத்தில் ஒருத்தி சரியாக இருந்தாலே பாதி ஆட்டம் கைக்கு வந்துவிடும். சென்டர் ஃபீல்டு, அதாவது வெளி மைதானத்தின் நடு, ஓடுகிறவளுக்கு. பேட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து பந்து பிடிக்கும் கேட்சர், பிறகு சொல்கிறேன், இப்போது சொன்னால் என் ரத்த அழுத்தம் ஏறும்.

பிட்சர் தனி உலகம். அதற்குத் தனி வகுப்பு, தனிச் செலவு, வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து தினமும் பந்து பிடிக்க ஓர் அப்பா, அவருக்கு நல்ல முழங்கால். அந்தப் பக்கம் நாங்கள் போகவில்லை.

11 மார்ச் 2024

பேஸுக்குப் பேஸ் 60 என்று சொல்லிவிட்டு 85 எங்கிருந்து வந்தது என்று ஒருவர் கேட்கிறார். மூன்றிலிருந்து ஒன்றுக்கு எறிவது சதுரத்தின் மூலைவிட்டம். 60-ஐ ரூட் இரண்டால் பெருக்குங்கள். 84 அடி 10 அங்குலம். கேட்சர் செகண்ட் பேஸுக்கு எறிவதும் அதே தூரம்தான். பிதாகரஸ் தேற்றம் எதற்குப் பயன்படும் என்று கணக்கு டீச்சரிடம் கேட்ட பாவம் என்னை விடாது போலிருக்கிறது.

17 மார்ச் 2024

செகண்ட் பேஸ் கதை. கொஞ்சம் நீளம்.

என் வீட்டுக்காரருக்கு மகள் ஷார்ட்ஸ்டாப் ஆக வேண்டும். காரணம் ஆட்டமே இல்லை. 1992 உலகக் கோப்பையில் ஜான்ட்டி ரோட்ஸ் பந்தோடு பாய்ந்து ஸ்டம்பைச் சரித்து இன்சமாமை ரன் அவுட் ஆக்கினாரே, அந்தப் படம் அவர் மண்டைக்குள் மாட்டியிருக்கிறது. ஆகவே இரண்டாம் வருடம் முழுக்கச் சனி ஞாயிறு காலையில் ஷார்ட்ஸ்டாப் பயிற்சி. இவள் பந்தை எடுப்பாள், ஆனால் எறிந்தால் ஃபர்ஸ்ட் பேஸுக்கு இரண்டு குத்து குத்தித்தான் போகும். கை சின்னது. அவர் முகம் வாடும், அதைப் பார்த்து இவள் முகமும் வாடும். வீட்டுக்குப் போகும் வழி முழுக்கக் காரில் அமைதி.

அப்போது நான் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டேன். எத்தனை பிடித்தாள், எத்தனை விட்டாள் என்று முதல் இரண்டு ஆட்டங்களுக்கு எழுதினேன். எழுத ஒன்றுமே இல்லை. ஒரு ஆட்டத்துக்கு அவளிடம் வந்தது மூன்றோ நாலோ பந்து. அதை வைத்து எதைச் சொல்வது? மூன்றாம் ஆட்டத்தில் அலுப்பில் வேறு எதையோ எழுதத் தொடங்கினேன். பந்து எங்கே போனது, அப்போது இவள் கால் எங்கே போனது.

நோட்டு அதற்குப் பிறகுதான் பேசத் தொடங்கியது. பந்து அவளிடம் வராத போதெல்லாம் அவள் நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறாள். யாரோ ஃபர்ஸ்டுக்கு எறிகிறார்கள், இவள் அந்தப் பக்கம் ஓடுகிறாள். பேஸில் ஆள் இருக்கும்போது விரலைத் தூக்கி "ரெண்டு அவுட்" என்று பக்கத்தில் நிற்பவளுக்குக் காட்டுகிறாள். அந்த வாரம் காரில் கேட்டாள்: "அம்மா, பால் என்கிட்ட வரலைன்னா நான் எங்கம்மா போகணும்?" அந்த அணியில் வேறு எந்தப் பெண்ணும் அப்படிக் கேட்டிருப்பாளா தெரியவில்லை. நான் எறிபந்து ஆடிய காலத்தில் நிச்சயம் கேட்டதில்லை. பந்து வந்தால் பிடி, மூன்று விநாடிக்குள் எறி, அவ்வளவுதான். எங்கள் பி.டி. டீச்சர் உயரத்தைப் பார்த்து வரிசை கட்டுவார், கட்டிய இடத்திலேயே ஐந்து வருடம் நின்றேன்.

செகண்ட் பேஸில் நிற்பவளுக்கு ஒவ்வொரு பந்துக்கும் போக வேண்டிய இடம் ஒன்று உண்டு. பன்ட் என்றால் ஃபர்ஸ்ட் பேஸ்காரி பந்தை எடுக்க முன்னே ஓடிவிடுவாள், ஆகவே ஃபர்ஸ்டை இவள் போய்க் காக்க வேண்டும். இடது பக்கம் உருண்டால் செகண்டுக்கு ஓட வேண்டும். ரைட் ஃபீல்டு தாண்டிப் போனால் பாதி தூரம் வெளியே ஓடி, பந்தை வாங்கி உள்ளே அனுப்ப வேண்டும். எறியும் தூரம் மட்டும் குறைவு. ஃபர்ஸ்ட் பேஸ் பக்கத்திலேயே இருக்கிறது. கை சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, தலை ஓட வேண்டும். நோட்டைக் கோச்சிடம் காட்டவில்லை, அது அதிகப்பிரசங்கித்தனம். "செகண்டில் ஒரு இன்னிங்ஸ் பார்க்கலாமா" என்று மட்டும் கேட்டேன். பார்த்தார்.

வீட்டுக்காரர் இரண்டு வாரம் செகண்ட் பேஸை "சின்ன ஷார்ட்ஸ்டாப்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அது நின்றுவிட்டது.

இன்னொரு பெண்ணையும் சொல்ல வேண்டும். அதே அணியில் பீரங்கிக் கை. எறிந்ததும் அங்கேயே நிற்பாள், எங்கும் நகரமாட்டாள். அவளைச் செகண்டில் போட்டுப் பாடாய்ப் படுத்தினார்கள். தேர்டுக்கு மாற்றியதும் ஆளே வேறு.

18 மார்ச் 2024

வீட்டுக்காரர் நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டார். ரோட்ஸ் ஹாக்கியும் ஆடியவர், குனிந்து பந்தை எடுக்கும் வேகம் அங்கிருந்து வந்தது, ஆகவே தன் பயிற்சி முறையில் தவறில்லை என்று பதிவு செய்யச் சொல்கிறார். பதிவு செய்துவிட்டேன்.

24 மார்ச் 2024

கிளவ் பற்றி எழுத மறந்துபோனேன், அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். பள்ளிச் சீருடையை இரண்டு அளவு பெரியதாக வாங்கி, கீழே மடித்துத் தைத்து, மூன்று வருடம் போட்டு வளர்ந்தவள் நான். அதே புத்தியில் ஒன்பது வயதுப் பெண்ணுக்கு 13 அங்குல கிளவ் வாங்கினேன். வளரட்டுமே. அது வெளி மைதானத்தில் நிற்கும் பெரியவர்கள் அணிவது. அதன் கனத்தில் மணிக்கட்டு தொங்கிவிடும், தோல் விறைப்பாக இருக்கும், பந்து உள்ளே வந்தாலும் மூட முடியாது. முகத்தைத் திருப்பியதற்குப் பாதிக் காரணம் அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். கராஜ் கதவுக்கு முழுப் புகழையும் கொடுத்தது அவசரம். உங்கள் மகள் வயதில் 11, 11.5 போதும். கையில் போட்டு ஒரே கையால் மூடச் சொல்லுங்கள், மூட முடியாவிட்டால் வேண்டாம்.

அப்புறம் ஒன்று, சும்மா தோன்றியது. ஓட்டம் நன்றாக இருக்கிறது, எறிகிற கையில் மட்டும் பலமில்லை என்கிறீர்கள். கிளவ் இல்லாமல், பந்தும் இல்லாமல், ஏரிக்கரையில் நிறுத்திக் கல் எறியச் சொல்லிப் பாருங்கள். எந்தக் கையால் எறிகிறாள், எந்தக் கால் முன்னே போகிறது என்று மட்டும் பாருங்கள். நீங்கள் பார்ப்பது அவளுக்குத் தெரிய வேண்டாம்.

2 ஏப்ரல் 2024

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பதை எல்லோரும் படியுங்கள். நான் இரண்டு முறை படித்தேன்.

கல்லை இடது கையால் எறிகிறாளாம்! சாப்பிடுவது வலது கை, எழுதுவது வலது கை. குழந்தையில் இடது கையால் இட்லியைப் பிய்த்தபோது பாட்டி அந்தக் கையைத் தட்டி வலதுக்கு மாற்றியிருக்கிறார். கடைக்குப் போனபோது "என்ன கை?" என்று கேட்டதும் அப்பா "வலது" என்றிருக்கிறார். வலது கையால் எறிபவர்களின் கிளவ் இடது கையில் ஏறிவிட்டது. ஒரு வருடமாகப் பெண் தப்பான கையால் எறிந்துகொண்டிருக்கிறாள், கோச் "பலமில்லை" என்று எழுதிக்கொண்டிருக்கிறார்.

வலது கையால் எறியும்போது வலது காலே முன்னே போகிறதாம். இடது கையால் எறியும்போது வலது கால் தானாக முன்னே வந்து தோள் திரும்புகிறதாம். இதற்குமேல் சாட்சி வேண்டியதில்லை.

பாட்டியைத் திட்ட வேண்டாம். எங்கள் வீட்டிலும் அதே பாட்டிதான்.

கடையில் எச்சரிக்கை: "இடது கை கிளவ்" என்று கேட்டால் ஆளுக்கு ஒரு அர்த்தத்தில் எடுத்துத் தருவார்கள். "இடது கையால் எறிகிறாள், கிளவ் வலது கையில் போட வேண்டும்" என்று முழுசாகச் சொல்லுங்கள். கையில் போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

3 ஏப்ரல் 2024

கல்லெறியச் சொன்னது எனக்கு எப்படித் தோன்றியது என்று கேட்கிறார்கள். ஞானமெல்லாம் இல்லை. என் தம்பி எழுதுவது வலது கை, மாங்காய் அடிப்பது இடது கை. அவன் அடித்தால்தான் விழும்.

14 ஏப்ரல் 2024

புத்தாண்டு வாழ்த்துகள். நேற்றைய ஆட்டம் மழையால் இல்லை, மைதானம் சேறு. பாயசம் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இடது கையால் எறிபவளுக்கு எந்த இடம் என்று இப்போது பேசலாம், கேள்வியே மாறிவிட்டது அல்லவா. ஆட்டம் ஓடுவது இடப்பக்கமாகச் சுற்றி, முதல் அவுட் பெரும்பாலும் ஃபர்ஸ்ட் பேஸில். ஷார்ட்ஸ்டாப்பிலோ தேர்டிலோ இடது கைக்காரி பந்தை எடுத்தால் ஃபர்ஸ்டுக்கு எறிய உடம்பையே திருப்ப வேண்டும். அந்த அரை நொடியில் ஓடுகிறவள் சேர்ந்துவிடுவாள். ஃபர்ஸ்ட் பேஸில் அதே கை வரமாகிவிடும். கிளவ் வலது கையில், அதாவது மைதானத்தின் உட்பக்கமாக இருக்கும். எடுத்ததும் திரும்பாமலே செகண்டுக்கும் தேர்டுக்கும் எறியலாம். பிட்சருக்கும் வெளியே நிற்பவர்களுக்கும் எந்தக் கையும் ஒன்றுதான். கேட்சர் பெரும்பாலும் வலது கைக்காரர்கள். அதில் காரணம் பாதி, பழக்கம் பாதி என்று நினைக்கிறேன்.

ஆகவே ஃபர்ஸ்ட் பேஸ் என்று எழுதி முடித்துவிடலாம் போலத் தோன்றுகிறது. ஆனால் அவசரப்படாதீர்கள். உங்கள் பெண் இப்போதுதான் தன் கையைக் கண்டுபிடித்திருக்கிறாள். இன்னொரு கிளவில் பிடிக்க முதலிலிருந்து பழக வேண்டும், ஒரு வருடமாக இடது கையால் பிடித்தவள். பத்து நாள் எல்லாம் கீழே விழும். கோச்சிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இந்த முறை கூச்சம் வேண்டாம்.

28 ஏப்ரல் 2024

நேற்று என் மகள் சொதப்பினாள். ஒரு பன்ட், இவள் ஃபர்ஸ்டுக்கு ஓடவில்லை. பன்ட் வராது என்று நினைத்தாளாம். பந்தை எடுத்த பெண் வெற்று பேஸுக்கு எறிந்தாள், அது வேலி வரை உருண்டது, இரண்டு ரன். இரண்டும் என் பெண் கணக்கில்தான். மார்ச் 17-ல் "தலை ஓட வேண்டும்" என்று பெருமையாக எழுதினேனே, அதைப் படித்துக் காட்டினால் அடிக்க வருவாள்.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும்: பன்னிரண்டு வயதுப் பிரிவுக்கு வந்ததும் ஆட்டம் வேறு. பந்து 11 அங்குலச் சுற்றளவிலிருந்து 12 ஆகிறது. பிட்சர் நிற்கும் தூரம் 35 அடியிலிருந்து 40. சின்ன விரல்களுக்குப் பெரிய பந்து பிடிபடாமல் போன வருடம் நல்ல கைக்காரிகள்கூடத் தடுமாறினார்கள். அப்போது ஃபர்ஸ்டில் நின்றவள் வெளியே போனாள், வெளியே இருந்தவள் தேர்டுக்கு வந்தாள். பத்து வயதில் முடிவு செய்த இடத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டி வைக்க முடியாது.

5 மே 2024

ஷார்ட்ஸ்டாப் ஆசை விடவே விடாது என்கிறவர்களுக்கு ஒரு காட்சி. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் இறுதி, யோகோஹாமாவில், ஜப்பானும் அமெரிக்காவும். மகள் முதல் சீசன் முடித்திருந்தாள், இங்கே காலை நேரம், இட்லித் தட்டோடு டிவி முன்னால். அமெரிக்கா இரண்டு ரன் பின்தங்கியிருக்கிறது, ஆறாவது இன்னிங்ஸ், பேஸில் ஆள். அமாண்டா சிடெஸ்டர் அடித்த அடி தேர்டு பேஸில் நின்ற யூ யமமோட்டோவின் மணிக்கட்டில் பட்டுத் தெறித்தது. ஷார்ட்ஸ்டாப் மனா அட்சுமி அதைத் தரையில் விழுமுன் பிடித்து, செகண்டுக்கு எறிந்து, ஒரே அடியில் இரண்டு பேர் அவுட். ஜப்பான் 2-0, தங்கம்.

வீட்டுக்காரர் ஷார்ட்ஸ்டாப்பைப் பார்த்துக் கத்தினார். அட்சுமி அங்கே இருந்தது அதிர்ஷ்டம் என்றார் என் மாமனார். எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. பிறகு நோட்டு எழுதிய காலத்தில் அந்தத் துண்டை மறுபடி போட்டுப் பார்த்தேன். பந்து தன்னிடம் வரவில்லை என்று அவள் நின்றிருந்தால் அந்தத் தெறிப்பு அவளுக்கு எட்டியிருக்காது. மூன்றாவதாக ஒருத்தியையும் பாருங்கள். செகண்ட் பேஸுக்குப் போய் எறிந்ததை வாங்கினாளே, அவள் பெயரை யாராவது சொல்கிறார்களா? எங்கள் வீட்டில் அவளுக்குத்தான் இப்போது மரியாதை.

ஸ்கோர் நோட்டில் ஃபர்ஸ்ட் 3, செகண்ட் 4, தேர்டு 5, ஆனால் நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6. ஏன் என்று மகள் கேட்டாள். தெரியாது என்றேன். "அப்பா மாதிரி நடுவுல வந்து நுழைஞ்சிருப்பாங்க" என்றாள்.

19 மே 2024

கேட்சர். ரத்த அழுத்தம் ஏறும் என்றேனே.

எங்கள் கேட்சருக்கு விரலில் அடி. கோச் என் மகளைக் கேட்டார். அவள் என்னைக் கேட்காமல் சரி என்றுவிட்டாள். ஹெல்மெட், மார்புக் கவசம், கால் கவசம் எல்லாம் மாட்டி வந்தபோது ஐயனார் கோயில் காவல் சிலை மாதிரி இருந்தாள். இரண்டு இன்னிங்ஸ் முட்டி போட்டு உட்கார்ந்தாள். நான் அந்த இரண்டு இன்னிங்ஸும் கார் நிறுத்துமிடத்தில் நடந்துகொண்டிருந்தேன்.

பயந்ததற்கு ஏற்ப ஒன்றும் நடக்கவில்லை. எதிர்பாராதது வேறு: மொத்த மைதானமும் கேட்சருக்கு மட்டும்தான் முகம் காட்டி நிற்கிறது. மற்ற எட்டுப் பேரும் அவள் கண்முன்னால். யார் எங்கே போக வேண்டும் என்று அவள் சத்தம் போட்டுச் சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். இவள் சொன்னாள். என் பெண்ணுக்கு இவ்வளவு பெரிய குரல் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது, வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டால் பதிலே வராது.

ஆகவே செகண்ட்தான் இவள் இடம் என்ற என் கண்டுபிடிப்பில் எனக்கே சந்தேகம் வந்திருக்கிறது. செகண்டுக்கு 85 அடி எறியும் கை இன்னும் இல்லை. ஓடுகிறவர்கள் பந்து பிட்சர் கையைவிட்டுப் போகும் வரை பேஸைவிட்டு நகரக் கூடாது என்பதால் தப்பித்தாள். இருந்தும் மூன்று பேர், அடி விழாமலே ஓடி, அடுத்த பேஸைத் திருடினார்கள். முழங்கால் வலிக்கிறதா என்று கேட்டேன். "வலிக்குது, ஆனா நல்லாயிருக்கு" என்றாள். இதற்கு என்ன பதில் சொல்வது?

20 மே 2024

தூங்கி எழுந்தபின் தோன்றுவது: எனக்குத்தான் அந்த இடம் வேண்டாம். அவளுக்கு வேண்டாம் என்று நேற்று முழுக்க எழுதிப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரரின் ஷார்ட்ஸ்டாப்பைக் கிண்டல் செய்தவள் நான்.

7 ஜூன் 2024

நேற்று இரவு கல்லூரிப் பெண்கள் இறுதித் தொடர் முடிந்தது. ஒக்லஹோமா டெக்சாஸை வென்று தொடர்ந்து நாலாவது முறை பட்டம். உங்கள் மகளை உட்காரவைத்து இந்த மாதிரி ஆட்டங்களைப் பார்க்கவையுங்கள், ஆனால் பந்தைப் பார்க்க விடாதீர்கள். ஒரு இன்னிங்ஸ் முழுக்க ஃபர்ஸ்ட் பேஸ்காரியை மட்டும், அடுத்ததில் ரைட் ஃபீல்டரை மட்டும். கேமரா பாதி நேரம் காட்டாது, கடுப்பாகத்தான் இருக்கும். காட்டும்போது எவள் காலைப் பார்த்து இவள் நிமிர்ந்து உட்காருகிறாள் என்று கவனியுங்கள். என் மகள் இந்தத் தடவை கேட்சரைத்தான் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

16 ஜூன் 2024

கேள்வி கேட்டவரிடமிருந்து செய்தி. புது கிளவ் வந்து பத்து நாள் எல்லாம் கீழே விழுந்ததாம் (சொன்னேனே). ஐந்தாம் வாரம் ஃபர்ஸ்டில் ஒரு இன்னிங்ஸ். மூன்று எறி வந்தது, ஒன்றைப் பிடித்தாள், இரண்டு போய்விட்டன. போனதில் ஒன்றை ரைட் ஃபீல்டில் நின்ற பெண் பின்னால் ஓடிவந்து தடுத்தாளாம். "போன வருடம் என் மகள் அங்கே நின்றபோது இதைச் செய்ய வேண்டும் என்று எனக்கே தெரியாது" என்று எழுதியிருக்கிறார்.

இன்னும் இரண்டு இடம் பார்த்துவிட்டு முடிவு செய்யப் போகிறாராம். சென்டர் ஃபீல்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஓடுகிற பெண். கோச் இப்போது பிட்சிங் பற்றிப் பேச்செடுத்திருக்கிறார் என்றும் எழுதியிருக்கிறார். வாளி இருக்கிறதா வீட்டில்?

22 ஜூன் 2024

இலையுதிர்காலச் சீசனுக்குப் பெயர் கொடுக்கும் படிவம் வந்தது. அதில் "விரும்பும் இடம்" என்று மூன்று கோடுகள். நாலு வருடமாக நான் நிரப்பியது, இந்த வருடம் அவளிடமே கொடுத்தேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கக் கூடாது என்று உத்தரவு.

முதல் கோட்டில் செகண்ட் பேஸ். இரண்டாவதில் கேட்சர், அதை ஒருமுறை அடித்துவிட்டு மறுபடி எழுதியிருக்கிறாள். மூன்றாவதில்: "ரைட் ஃபீல்டு. ஒன்றாம் எண் மைதானமாக இருந்தால் மட்டும், அங்கே மரநிழல் இருக்கிறது."